தப்புச் சிவப்பு

வீட்டில் தயாரிக்க முடியாத பொருட்கள் உலகத்தில் மூன்றே மூன்று: இரும்பு, சிமெண்டு, விடுமுறை நாள். முதல் இரண்டுக்கும் தொழிற்சாலை வேண்டும். மூன்றாவதற்கு அச்சகம் வேண்டும். அரசாங்கம் அறிவிக்கலாம், பெரியவர்கள் கூடிப் பேசலாம், ஆனால் காலண்டர் தாளில் சிவப்பு மை ஏறும்வரை எந்த நாளும் விடுமுறை ஆகிவிடாது. அந்தச் சிவப்பை ஏறவிடலாம் என்று கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவர் எவரோ, அவரே மனித குலத்தின் ஓய்வுக்குப் பொறுப்பாளர்.

இதைப் புள்ளி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். சொன்ன இடம் சமையலறை வாசல். கேட்டவள் அவர் மனைவி. அவள் அடுப்பில் மாவைக் காய்ச்சிப் பசை கிண்டிக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்லவில்லை. பசை கட்டி தட்டிவிடும்.

புள்ளி என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. காலண்டர் அச்சகத்தில் பதினோரு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அச்சகத்தில் வைத்த பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் 'பெரிய புள்ளி' என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு விடுமுறை. அச்சகம் பூட்டியிருந்தது. ஆனால் சாவி ஒன்று புள்ளியிடம் இருந்தது. அதனால் அவர் சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டுக்கொண்டு, பையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியே போகக் கூடத்தைக் கடக்க வேண்டும். அது அன்று எளிதாக இல்லை. இரண்டு நாற்காலிகளின் முதுகில் படுக்கை விரிப்பைப் போர்த்தி ஒரு கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே மூன்று வயதுச் சின்னவன் டார்ச் விளக்கை அடித்து, தன் கை நிழலைப் பார்த்துத் தானே பயந்துகொண்டிருந்தான். வெளியே ஐந்து வயதுப் பெரியவள் போன மாதத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே கத்தரித்துக்கொண்டிருந்தாள். முடிந்துபோன மாதத்தின் காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, வளையமாக ஒட்டி, வளையத்துக்குள் வளையம் கோத்துக் காகிதச் சங்கிலி செய்வது அவள் திட்டம். முதல் தவணைப் பசை தரையில் பாதியும் அவள் முழங்கையில் மீதியுமாகச் செலவாகிவிட்டது. அதனால்தான் அடுப்பில் இரண்டாவது தவணை.

இருவர் தலையிலும் கிரீடம். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கிரீடங்கள், காய்ச்சல் மருந்து வந்த அட்டைப் பெட்டியில் வெட்டியவை. பெரியவளின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில வைக்கவும்' என்று இருந்தது.

புள்ளி நின்றார். மகள் தலையில் கிரீடத்தை அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"இதை எவன் அடிச்சான்? 'இடத்தில்'ல புள்ளியைக் காணோம்."

குனிந்து, பேனாவை எடுத்து, மகளின் நெற்றிக் கிரீடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். "இப்பப் போட்டுக்கலாம்."

"அப்பா, நீங்களும் ஒரு வளையம் ஒட்டுங்க," என்றாள் பெரியவள்.

அவர் சமையலறை வாசலுக்குத் திரும்பினார். அப்போதுதான் இரும்பு, சிமெண்டு, விடுமுறை நாள் பற்றிய உரை நிகழ்ந்தது. உரைக்குப் பின்குறிப்பும் உண்டு.

"பழைய பெட்ஷீட்டு, மருந்து டப்பா, மாவுப் பசை. இதுக்குப் பேர் கொண்டாட்டமா? ஊர்ல எல்லாரும் எதை வெளியே தூக்கிப் போடறாங்களோ, அதை நீ கொண்டு வந்து கூடத்துல ஒட்டற."

"உங்களையும் கூடத்துலதான் வெச்சிருக்கேன்," என்றாள் மனைவி. பசையை இறக்கிவிட்டாள், இனிமேல் பேசலாம். "இது இந்த வருஷத்துல நாலாவது லீவு. நாலுலயும் அச்சாபீஸ். பூட்டின ஆபீசுல யாரோட புரூஃபைப் பாக்கறீங்க? பூட்டோடதா?"

"எனக்குப் பொறுப்பு இருக்கு."

"இந்த ரெண்டுக்கும் இல்லையா? நாலு லீவுல இந்த வீட்டுக்கு நீங்க செஞ்சது அந்த ஒரு புள்ளி."

அவளுக்கு இதற்குமேல் சத்தம் போடத் தெரியாது. சத்தம் குறையக் குறையத்தான் கோபம் ஏறுகிறது என்று அர்த்தம். புள்ளிக்கு இது தெரியும். பெரியவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அடுத்த சிவப்புக்கு நான் இருப்பேன். நாள் முழுக்க," என்றார் புள்ளி. அந்த வீட்டில் விடுமுறைக்குப் பெயர் சிவப்பு. "கையெழுத்துப் போட்ட புரூஃப் மாதிரி. மாத்தமே கிடையாது."

போய்விட்டார்.

*

ஒன்றாம் தேதி காலை பெரியவள் முக்காலி போட்டு ஏறிக் காலண்டரின் தாளைப் புரட்டினாள். காலண்டர் ஆணியைப் புள்ளி தன் கண்மட்டத்துக்கு அடித்திருந்ததால் முக்காலி இல்லாமல் அவளுக்கு எட்டாது.

"அப்பா, பதினேழு சிவப்பு."

புள்ளி சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. "ம்."

"அன்னைக்கு நீங்க வீட்டுல. நாள் முழுக்க."

"ம், ஆமா," என்றார் காலண்டரைப் பாராமலே. அந்த மாதத்தில் விடுமுறையே கிடையாது என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தேதி அச்சகத்தில் தொலைபேசி ஓயவில்லை. முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே புள்ளியைக் கைகாட்டி அழைத்தார்.

"புள்ளி, இந்த மாசம் பதினேழு என்ன கிழமை?"

"புதன்."

"என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்லை."

"அப்புறம் ஏன்யா சிவப்பா இருக்கு?"

முதலாளி காலண்டரைத் தூக்கி மேசைமேல் போட்டார். கறுப்புத் தேதிகளுக்கு நடுவே பதினேழு நன்றாகப் பழுத்த சிவப்பில் உட்கார்ந்திருந்தது. அச்சு அருமையாக வந்திருந்தது. அதுதான் எரிச்சல். மாதம் பிறந்தால்தான் ஊரில் தாளைப் புரட்டுகிறார்கள், அதனால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. கடை, ஆபீஸ், மருத்துவமனை என்று இந்தக் காலண்டர் மாட்டாத சுவர் அந்தப் பகுதியில் குறைவு.

புள்ளிக்கு உச்சந்தலைவரை சூடேறியது. நேரே வடிவமைப்பாளரின் மேசைக்குப் போனார். அந்தப் பெண் கணினியில் ஏதோ ஒரு கடையின் பெயரை இடதும் வலதுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"பதினேழைச் சிவப்பாக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் அண்ணா."

"நானா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவள் பதற்றப்படாமல் கோப்பை இழுத்துப் பழைய புரூஃபை எடுத்து நீட்டினாள். 17-ஐச் சுற்றி ஒரு வட்டம். சிவப்புப் பேனா. அவருடைய வட்டம்தான். அவர் வட்டம் ஆரம்பித்த இடத்தில் முடியாது, கொஞ்சம் தாண்டிப் போய் வால் விடும்.

"ஏழோட கால் வெட்டுப்பட்டிருந்தது. அதுக்குப் போட்ட வட்டம் இது," என்றார்.

"அதை ஓரத்துல எழுதணும் இல்லையா? ஓரத்துல எழுதாத வட்டம் வட்டமே இல்லை, கிறுக்கல்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. சிவப்புப் பேனா, வட்டத்துக்குள்ள தேதி, ஓரத்துல ஒரு வார்த்தை இல்லை. சிவப்பாக்கச் சொல்றீங்கன்னு சிவப்பாக்கினேன். ஏழோட காலையும் சரி பண்ணினேன்."

"கடைசிப் புரூஃப்?"

அதையும் எடுத்து நீட்டினாள். அதில் பதினேழு சிவப்பாக இருந்தது. கீழே அவர் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே தேதி. போன வருடத்தின் ஒரு விடுமுறை நாள். அன்றைக்குப் பூட்டிய அச்சகத்தில் மின்விசிறியும் அவரும் மட்டும் இருந்திருப்பார்கள். தப்புக் கண்டுபிடிக்க ஆள் இல்லாத இடத்தில் அவர் கண்ணும் லீவு எடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஒரு வேளை தப்பா வட்டம் போட்டுட்டோம்னு தெரிஞ்சிருந்தா, அடியில புள்ளி வரிசை வெச்சிருக்கலாம்," என்றாள் அவள். அவள் ஒன்றும் கிண்டலாகச் சொல்லவில்லை. புரூஃபில் அப்படி ஒரு குறி உண்டு. திருத்தியது தவறு, முன்பு இருந்ததே சரி என்று தெரிந்தால், அந்த இடத்தின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். அச்சகத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். புள்ளி பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. தான் திருத்தியதை 'இருக்கட்டும்' என்று வாபஸ் வாங்குகிற ஆள் எதற்குத் திருத்த வந்தான் என்பது அவர் கொள்கை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தினார்.

"கேட்டா, 'என் வட்டத்தைச் சந்தேகப்படறியா'ன்னு கத்துவீங்க."

எந்திரம் ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் திரும்பி இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவருக்கு நல்ல அனுபவம்.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். பின்னால் பசை தடவிய தாளில் கறுப்பு நிறத்தில் '17' என்று வரிசை வரிசையாக அச்சடிக்க வேண்டும். வெட்டினால் விரல் நகம் அளவு ஸ்டிக்கர். காலண்டர் கொடுத்த இடம் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சிவப்பின்மேல் கறுப்பை ஒட்ட வேண்டும். "ஒட்டறது நீதான். பதினேழாம் தேதி விடியறப்ப என் காலண்டர் எதுலயும் சிவப்புப் பதினேழு இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"என் வேலை தப்புக் கண்டுபிடிக்கறது சார். ஒட்டறது இல்லை."

"கண்டுபிடிச்சிருந்தா ஒட்ட வேண்டாம்," என்றார் முதலாளி.

*

முதல் ஸ்டிக்கரைப் புள்ளி தன் வீட்டிலேயே ஒட்டினார். நேர்மையான மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணம். அதோடு, அந்தச் சிவப்பைத் தினமும் காலையில் பார்க்க அவரால் முடியவில்லை.

மாலையில் பெரியவள் முக்காலியில் ஏறினாள். பிறகு நகத்தால் சுரண்டும் சத்தம்.

"அப்பா, உள்ளே சிவப்பு அப்படியேதான் இருக்கு."

"சுரண்டாதே. உள்ளே இருக்கறது கணக்கு இல்லை. மேல இருக்கறதுதான் கணக்கு."

"ஏன்?"

புள்ளி வந்து ஸ்டிக்கரின் மூலையை அமுக்கிவிட்டார். "அது லீவு நாள் இல்லைம்மா. தப்பா அடிச்சிட்டாங்க."

"யாரு?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மனைவியும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆபீசுல," என்றார் புள்ளி.

"அப்ப நீங்க அன்னைக்கு இருக்க மாட்டீங்களா?"

"சிவப்பா இருந்தா இருப்பேன். இது கறுப்பு."

பெரியவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு பிஸ்கட்டில் முடிந்திருக்கும். முக்காலியிலிருந்து இறங்கி, கூடாரம் இருந்த மூலைக்குப் போய், தம்பியிடம் செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள்: "பதினேழு சிவப்பு இல்லையாம். தப்புச் சிவப்பாம்." சின்னவனுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. தப்புச் சிவப்பு, தப்புச் சிவப்பு என்று வீட்டைச் சுற்றி ஓடினான்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"உங்க தப்பா?"

"வட்டம் என்னுது. சிவப்பு அவங்களுது."

"நல்லா இருக்கு. நாலு நிஜச் சிவப்பு வந்தது. நாலும் உங்களுக்குக் கறுப்பு. ஒரே ஒரு சிவப்புக்கு வாக்குக் குடுத்தீங்க, அதையும் நீங்களே தப்பா அடிச்சு, நீங்களே வந்து ஒட்டி மூடறீங்க. ஊர்க்காரங்க காலண்டர்ல ஒட்டுங்க, உங்க வேலை. இதுல எதுக்கு ஒட்டினீங்க? எந்த முதலாளி வந்து பாக்கப் போறான் இந்தச் சுவத்தை?"

"ஒரு தப்பைத் தெரிஞ்சே வீட்டுல மாட்டி வெச்சுக்க முடியாது."

"நான் ஏழு வருஷமா வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பினாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "பதினேழு நான் கடைக்கு லீவு சொல்லிட்டேன். எங்க மூணு பேருக்கும் அது சிவப்புதான். நீங்க உங்க கறுப்புக்குப் போயிட்டு வாங்க."

*

அடுத்த பன்னிரண்டு நாட்கள் புள்ளி ஊர்ச் சுவர்களில் கறுப்பு ஒட்டினார். ஒரு விடுமுறையைக் கொடுப்பவன் வாசலில் யாரும் நன்றி சொல்ல வந்து நிற்பதில்லை. எடுக்க வருகிறவனுக்கு மரியாதை வேறு மாதிரி என்பதை அவர் போன இடமெல்லாம் தெரிந்துகொண்டார்.

பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண் ஆறு பேரின் பல்லைப் பதினேழிலிருந்து பதினெட்டுக்கு மாற்றி முடித்திருந்தாள். "ஆறு பேரையும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க," என்று தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். நாலாவது ஆள், வலியில் இருந்ததால், புள்ளியின் குடும்பத்தையே தலைமுறை தலைமுறையாக விசாரித்தார். முடிவெட்டுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இருந்துட்டுப் போகட்டுமே சார், ஒரு சிவப்பால உங்களுக்கு எங்கே குத்துது?" என்றார். இரும்புக் கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் நால்வரும் சேர்ந்து எங்கோ போகத் திட்டம் போட்டிருந்தார்கள். அவர் ஸ்டிக்கரை அமுக்கி ஒட்டுவதை வரிசையாக நின்று பார்த்தார்கள். வெளியே வந்தபோது அவர் சைக்கிளில் காற்று இல்லை. இரண்டு சக்கரத்திலும் இல்லை.

புள்ளிக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த வடிவமைப்பாளர் மேல் வந்தது, முதலாளி மேல் வந்தது, ஏழு என்ற எண்ணின் மேலேயே வந்தது. எல்லா எண்ணும் ஒழுங்காக நிற்கும்போது அதற்கு மட்டும் கால் ஒரு கேடா? இருக்கிற ஆட்கள் மேலெல்லாம் கோபப்பட்டு முடித்தபின் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்தப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை.

வீட்டிலோ அவருடன் யாரும் சண்டை போடவில்லை. தினமும் மாலையில் ஏதோ ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சோப்புக் குமிழி ஊதக் கம்பியை வளைத்தார்கள். புதையல் வேட்டைக்குப் படம் வரைந்தார்கள், ஏனென்றால் சின்னவனுக்குப் படிக்கத் தெரியாது. அவர் உள்ளே வந்தால் படத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு நாள் அவரே வாய்விட்டுக் கேட்டார்.

"என்ன அது?"

"அது சிவப்புக்கு," என்றாள் பெரியவள் பணிவாக. "உங்களுக்கு இல்லைப்பா."

பதினாறாம் தேதி மதியம் கடைசியாக மிஞ்சியது ஒரு தையல் கூடம். எட்டு மெஷின், எட்டுப் பெண்கள், நடுவே நீளமான மேசையில் துணி வெட்டுகிற அக்கா. எல்லோரும் அவளை 'கட்டிங் அக்கா' என்றார்கள். காலண்டர் அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. புள்ளி வந்த காரியத்தைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

"கையை எடுங்க," என்றாள் அக்கா. அவள் கையில் முழ நீளக் கத்தரிக்கோல் இருந்தது. அதை அவள் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இது தப்புங்க. பதினேழு லீவு இல்லை."

"எங்க முதலாளிக்குக் காலண்டர்தான் சட்டம். சிவப்புன்னா லீவு, கறுப்புன்னா வேலை. அந்த மனுஷன் செய்தி கேக்கறதும் இல்லை, வெளியே விசாரிக்கறதும் இல்லை. அதனால இது லீவுதான்."

"தப்பைத் திருத்த வந்திருக்கேன் நான்."

"அப்படியா?" என்றாள் அக்கா. "போன வருஷம் ஒரு லீவைக் கறுப்புல அடிச்சீங்களே, அன்னைக்கு ஊரே வீட்டுல இருந்தப்ப நாங்க எட்டுப் பேரும் வந்து தைச்சோம். அப்ப யாரும் சிவப்பு ஸ்டிக்கர் எடுத்துட்டு வரலையே?"

"அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை. பதினோரு வருஷமா நான் புரூஃப் பாக்கறேன். ஒரு புள்ளி தப்பினதில்லை."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா மேசைக்கடியில் குனிந்து, அளவுக்கு வெட்டி வைத்த காகித அச்சுகளைப் புரட்டினாள். சட்டைக் கைக்கான ஓர் அச்சை எடுத்து அவர் முன் போட்டாள். பழைய காலண்டர் தாளில் வெட்டியது. தாள் கெட்டியாக இருக்கும் என்பதால் தையல்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். முழங்கை வளைகிற இடத்தில், வரிசையாகக் கறுப்புத் தேதிகளுக்கு நடுவே, சிவப்பாக இருந்திருக்க வேண்டிய ஓர் ஐந்து கறுப்பாக இருந்தது.

புள்ளி அதைப் பார்த்தார். எட்டிப் பார்த்தார். கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஐந்து மாறவில்லை.

"அன்னைக்கு என் மகளுக்கு ரெண்டு வயசு," என்று மூலை மெஷினிலிருந்து ஒரு பெண் சொன்னாள். "அழுதுட்டே வாசல்ல நின்னா." அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மெஷினை மிதித்தாள்.

புள்ளி எதையும் ஒட்டாமல் வெளியே வந்தார். தெருவில் நின்று அந்தக் கட்டிங் அக்காவைத் திட்டலாம் என்று பார்த்தார். திட்டு எதுவும் வாய்வரை வரவில்லை.

*

பதினேழு காலை முதலாளி அழைத்தார். "தையல் கூடம் பாக்கியாமே? முதல்ல போய் அதை ஒட்டிட்டு அப்புறம் ஆபீஸ் வா."

புள்ளி கிளம்பினார். கூடத்தில் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரியவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டாட்டா அப்பா," என்றாள். மற்ற நாட்களில் வாசல்வரை வந்து சொல்கிறவள்.

தையல் கூடம் மூடியிருந்தது. இழுத்துச் சாத்திய ஷட்டரில் ஒரு காகிதம். 'இன்று சிவப்பு. நாளை வரவும்.' எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை படித்தார். கையில் கறுப்புப் பதினேழுகள் ஒரு தாள் நிறைய இருந்தன. தெரு எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து போனது, இரும்புக் கடை நால்வரும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் இவரைப் பார்த்துவிட்டு, மூட்டையை இறக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஊரில் இன்றைக்கு ஓய்வாக இருப்பவர்கள், அவரால் ஒட்ட முடியாமல் போனவர்கள் மட்டும்.

முதலாளிக்கு அழைத்தார்.

"சார், நான் இன்னைக்கு வரலை."

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?"

"இல்லை சார். சிவப்பு."

"அதைத்தானேய்யா பன்னிரண்டு நாளா கறுப்பாக்கினே?"

"எங்க வீட்டுல ஒட்டினது மட்டும் ஒட்டலை சார்."

முதலாளி சொன்னதில் பாதியை அச்சிட முடியாது. மீதிப் பாதி, நாளைக்குப் புள்ளியின் மேசையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது பற்றியது. புள்ளி முழுவதையும் கேட்டார். "நாளைக்கு வந்து பேசறேன் சார்," என்று வைத்தார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"யாரு?" பெரியவளின் குரல்.

"அப்பா."

உள்ளே ஆலோசனை நடந்தது. பிறகு பதில் வந்தது. "அப்பா ஆபீசுல இருக்காரு. அவருக்கு இன்னைக்குக் கறுப்பு."

புள்ளி தன் வீட்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, அவரையும் கதவையும் பார்த்துவிட்டு, ஏதோ எடுக்க மறந்தவர்போல உள்ளே போய்விட்டார்.

கடைசியில் மனைவிதான் திறந்தாள். வழி விடவில்லை. அவர் பக்கவாட்டில் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நேராகக் காலண்டரிடம் போனார். கறுப்பு ஸ்டிக்கரின் ஒரு மூலை நகம் பட்டு நிமிர்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 17-க்கு அடியில், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்தாறு புள்ளிகள் வைத்தார். பிறகு ஓரத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாக எழுதினார்: இருக்கட்டும். அப்புறம் ஸ்டிக்கரை உரித்தார். சிவப்பு அங்கேயே இருந்தது.

"என்னப்பா எழுதினீங்க?"

"தப்பு என்னுதுன்னு எழுதினேன்."

மனைவி கிட்டே வந்து படித்தாள். அவள் முகம் இளகவில்லை. "நாலு வரி எழுத்துல நாலு லீவு திரும்பி வந்துடாது," என்றாள்.

"ஒரு வார்த்தைதான் எழுதினேன்."

"அதான் சொல்றேன். செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மடிப்பு கலையாத சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். போன மாதத்தின் பட்டைகள் குவிந்து கிடந்தன. கிண்ணத்தில் பசை காய்ந்து தோல் கட்டியிருந்தது. முதல் வளையத்தை அவர் இரண்டு விரலால் பிடித்து ஓரம் ஓரத்தோடு சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்ததில் அது விரிந்துவிட்டது. இரண்டாவதும் விரிந்தது. சின்னவன் வாய்விட்டுச் சிரித்தான். அவனுடைய வளையங்கள் கோணல்மாணலாக இருந்தாலும் ஒட்டியிருந்தன.

புள்ளி கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைப் பார்த்தார். பின்னால் பசை தயாராகத் தடவியிருக்கிறது. ஒரு கறுப்புப் பதினேழை உரித்து வளையத்தின் சேர்மானத்தில் அமுக்கினார். நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது.

"ஊர்ல எல்லாரும் தூக்கிப் போடறதைக் கொண்டு வந்து கூடத்துல ஒட்டறது யாருன்னு பாருங்க," என்றாள் மனைவி யாரையும் பார்க்காமல்.

அவர் ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவர் இன்னொரு கறுப்பை உரித்தார்.

பெரியவள் எழுந்து போய் மருந்துக் கடைப் பெட்டியிலிருந்து இன்னொரு கிரீடத்தைக் கொண்டு வந்தாள். பெரிய அளவு. யாருக்கென்று எப்போது வெட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அதன் நெற்றியிலும் அதே வரி, அதே 'இடத்தில', அதே விட்டுப்போன புள்ளி. அவர் கை பேனாவைத் தேடிப் பைக்குப் போனது. போய், காலியாகத் திரும்பி வந்தது.

கையிலிருந்த வளையம் முடிந்ததும் அவர் எழுந்து நின்று, நாற்காலி முதுகுக்குச் சங்கிலியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் கிரீடத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எம்பினாள். மறுபடி எம்பினாள்.

"அப்பா, குனிங்க. எட்டலை."

புள்ளி குனிந்தார்.